முப்பத்தைந்து நிமிடக் காடு

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இது போன வருஷம் நடந்தது. அதுவும் வாலாஜாபாத்திலிருந்து ஒரு செல்போன் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நடந்தது.

அந்த பஸ்ஸில் தினமும் வரும் ஃபிலோமினாவின் கைப்பைக்குள் ஒரு பெட்டி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கையடக்க வீடியோ கேம் பெட்டி. அதற்குள் ஒரு பேட்டரியும் ஓர் ஆட்டமும் குடியிருந்தன. பேட்டரி பரம சாது. ஆட்டம் அப்படியல்ல, பெரிய இடத்திலிருந்து வந்தது.

பெரிய இடம் என்றால் ஹால். டிவியோடு கன்சோலை இணைத்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, மூன்று மணி நேரம் அசையாமல் ஆடுகிறவர்களுக்காகச் செய்த ஆட்டம் அது. காணாமல் போன தங்கையைத் தேடி ஓர் அக்கா ஏழு மலை தாண்டிப் போகிற கதை. ஃபிலோமினா பள்ளிக்கூட லீவில் அண்ணனுடைய கன்சோலில் ஆறாவது மலை வரை போயிருந்தாள். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு மஸ்கட் போய்விட்டான். தங்கை கிடைத்தாளா இல்லையா என்பது பதினான்கு வருஷமாக அவளுக்குத் தெரியாது. அதே ஆட்டம் இப்போது கையடக்கப் பெட்டியிலும் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே வாங்கிவிட்டாள்.

எட்டு மாதம் பஸ்ஸிலேயே ஆடி, கடைசி மலைக்கும் வந்துவிட்டாள். அங்கேதான் காடு குறுக்கே வந்தது.

வழியெல்லாம் விளக்குத் தூண்கள் உண்டு. தூணடியில் போய் நின்றால் அதுவரை ஆடியது பத்திரமாகும். காட்டில் மட்டும் தூண் கிடையாது. நுழைந்தால் ஐம்பது நிமிடம் நடந்து மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸோ முப்பத்தைந்து நிமிடத்தில் கம்பெனி வாசலில் நின்றுவிடும்.

"ஃபிலோ, கேட் வந்துடுச்சுடி. மூடி வையி" என்பாள் பக்கத்து சீட் மும்தாஜ்.

"ஐயோ, இன்னும் கொஞ்சம்தான்டி."

"லேட்டானா சூப்பர்வைசர் உன்னதான் காட்டுக்கு அனுப்புவாரு. எறங்கு."

அக்கா மறுபடியும் முதல் மரத்தடியில் போய் நிற்பாள். இப்படிப் பதினேழு நாள்.

பெட்டிக்குப் பொறுக்கவில்லை. "நடுக்காட்டில் ஒரே ஒரு விளக்கு வை. உன் சொத்தா குறைந்துவிடும்?" என்று கேட்டது.

"விளக்கு இல்லாததால்தான் அது காடு" என்றது ஆட்டம். "பாதியில் விளக்கு வைத்தால் அது பூங்கா. தங்கைக்காகப் பயந்து பயந்து நடந்து வர வேண்டும். அப்போதுதான் அவளைப் பார்க்கும்போது அழுகை வரும். இதெல்லாம் உனக்கு எங்கே புரியப் போகிறது? உன் திரை என் உள்ளங்கை அளவுகூட இல்லை. என் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. என் மலையைப் பார்த்து அவள் கொட்டாவி விடுகிறாள்."

"ஹாலில் இருந்தால் உன்னை யார் ஆடுவார்கள்? டிவியில் அவள் மாமியாரின் சீரியல் ஓடுகிறது. நான் இல்லாவிட்டால் உனக்கு இந்த முப்பத்தைந்து நிமிடமும் கிடையாது."

"சண்டை வேண்டாமே" என்றது பேட்டரி. "அவள் இறங்கும்போது ஆட்டத்தை அப்படியே தூங்க வைத்துவிடுவோம். சாயந்திரம் விட்ட இடத்தில் எழுப்பலாம். நான் காவல் இருக்கிறேன்."

ஆட்டம் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டது. காட்டு நடுவில், ஒரு காலைத் தூக்கியபடியே அக்கா தூங்கினாள். கம்பெனிக்குள் இதையெல்லாம் கொண்டுபோக முடியாது என்பதால் பெட்டி வாசலில் உள்ள லாக்கரில் ஒன்பது மணி நேரம் கிடந்தது. பேட்டரி தன் உயிரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் காவல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஃபிலோமினா பெட்டியைத் திறந்தாள். நாள் முழுக்க நின்றபடியே பூதக்கண்ணாடிக்குள் திருகாணி பார்த்த கண்கள். திரையையே வெறித்தாள்.

"இவ எதுக்கு கையில மணி வச்சிருக்கா? எந்தப் பக்கமா வந்தோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். காலையில் பயந்தது சாயந்திரம் நினைவில்லை. இரண்டு நிமிடம் அங்குமிங்கும் சுற்றினாள். அதற்குள் பேட்டரியின் உயிர் போயிற்று. அக்கா முதல் மரத்தடிக்கே திரும்பினாள்.

"மும்தாஜ், இதெல்லாம் வீட்ல ஒக்காந்து ஆடறதுக்குத்தான் லாயக்கு. நமக்கு ஏது நேரம்? யாருக்காவது குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

கைப்பைக்குள் மூன்றும் அதைக் கேட்டன. ஆட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தது. உலகத்தில் வேறு யாரும் அதன் தங்கையைத் தேடவில்லை. புது ஆட்டங்கள் ஆயிரம் வந்துவிட்டன. இவள் கைவிட்டால் தங்கை காட்டுக்கு அப்பால், ஆற்றின் அக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஒரே ஒரு நாள் ஹாலில் உட்கார்ந்து ஆடினால் போதும். பிறகு என்னை அழித்தாலும் சரி" என்றது ஆட்டம்.

அந்த நாளும் வந்தது. தொழிற்சாலையில் ஏதோ பாகம் வந்து சேரவில்லை என்று ஷிஃப்டுக்கு லீவு விட்டார்கள். அன்றைக்கே உத்திரமேரூரில் ஒரு புதுமனை புகுவிழா. மாமியாரும் ஃபிலோமினாவின் மகளும் காலையிலேயே கிளம்பி நின்றார்கள்.

"நீ வரலையா? அங்க எல்லாரும் கேப்பாங்களே" என்றான் கணவன் ஆரோக்கியராஜ்.

"தல வலிக்குதுங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

அவள் அவனிடம் பொய் சொல்கிறவள் இல்லை. அந்தத் தங்கைக்காகச் சொன்னாள்.

கதவைச் சாத்தினாள். மிக்சி இல்லை, சீரியல் இல்லை. பேட்டரி நிரம்பித் ததும்பியது. பெட்டி தன் திரையை முழு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பழைய பகையை எல்லாம் மறந்து, "எழுத்து தெரிகிறதா பார்" என்று ஆட்டத்திடம் கேட்டது. "தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது" என்றது ஆட்டம். பெட்டியிடம் அது அன்பாகப் பேசியது அன்றுதான்.

ஃபிலோமினா காட்டுக்குள் நுழைந்தாள். நன்றாக ஆடினாள். கிளை முறிந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டாள். மணியை எங்கே அடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சிரித்தாள். ஆட்டம் தன் பாட்டை முழுக் குரலில் பாடியது. இன்னும் ஒரு பாறை திரும்பி, கால் மணி நேரம் நடந்தால் ஆறு. அக்கரையில் தங்கை.

முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும், பஸ் கம்பெனி வாசலில் நிற்கிற நேரம். அவள் விரல்கள் தளர்ந்தன. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. மறுபடி ஆடினாள், நிறுத்தினாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள், அது அணைந்துதான் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள், யாரும் அழைக்கவில்லை. திரும்பி வந்து பெட்டியை எடுத்தாள். பாறை கண்ணெதிரே நின்றது. ஏதோ நேரமாகிவிட்டது போல இருந்தது.

"முடியல" என்று சொல்லிப் பெட்டியை அணைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய ஹாலில், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னும் முக்கால்வாசி இருக்கிறேனே!" என்று பதறியது பேட்டரி.

"யார் கூப்பிட்டார்கள்?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டது ஆட்டம்.

பெட்டி சொன்னது:

"யாரும் கூப்பிடவில்லை."