வாசலில் வைத்த காது

அந்தக் காலத்தில் பசுக்கள் பேசின. பசுவின் கண்ணுக்குள் குடியிருந்தவர்களும் பேசினார்கள். பசு சொல்வது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் சொல்வது பசுவுக்குக் கேட்கும்.

அப்போது மயிலை என்று ஒரு சாம்பல் நிறப் பசு இருந்தது. அதன் இரண்டு கண்ணிலும் இரண்டு ஊர்கள். வலக்கண்ணில் நடப்பதெல்லாம் இடக்கண்ணிலும் அப்படியே நடக்கும் என்பதால் வலக்கண்ணூரின் கதையை மட்டும் சொன்னால் போதும்.

ஊர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கடுகை நாலாகப் பிளந்து அதில் ஒரு துண்டை எடுத்தால் எவ்வளவு இருக்குமோ, ஒரு வீடு அவ்வளவுதான். ஊர் நடுவே கிடையாக நீண்ட ஒரு ஜன்னல். அதன் பெயர் பாவை. வெளிச்சம் அந்த வழியாக உள்ளே வந்து பின்சுவரில் படமாக விழும். அதுவும் தலைகீழாக விழும். பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகிய ஊரார், "வானம் கீழே, புல் மேலே" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. மயிரிழை அகலம்தான். அக்கரையில் ஊற்றுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊற்றைத் திறந்தால் தெளிந்த நீர் சுரக்கும். அந்த நீர்தான் கண்ணை உருண்டையாகவும் படத்தைத் தெளிவாகவும் வைத்திருந்தது. பழைய நீர் மூலையில் இருந்த சின்ன மதகு வழியாக வெளியே போய்விடும். இக்கரையில் சொட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஊற்றைத் திறக்க வேண்டிய வேளையில் அவர்கள் ஒரு குட்டிக் கலயத்தை வாய்க்காலில் கவிழ்ப்பார்கள். அதிலிருக்கும் சொட்டுகள் மிதந்து போய் அக்கரைப் படியைத் தொடும். உடனே ஊற்றுக்காரர்கள் ஊற்றைத் திறப்பார்கள்.

இக்கரைச் சேதி அக்கரைக்குப் போகும். அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஒன்றும் வராது. ஒரு கூப்பாடு, ஒரு கையசைப்புகூட வராது. அந்த வாய்க்காலின் இயல்பு அது.

சொட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கலயத்தைக் கவிழ்த்த கையோடு கதவைச் சாத்திவிட வேண்டும். ஊற்றியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு கொடுத்தோம் என்று எட்டிப் பார்ப்பது கஞ்சன் செய்கிற வேலை என்று அவர்கள் நினைத்தார்கள். பெண் பார்க்கப் போனால்கூட, அந்தப் பெண் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு எத்தனை சடுதியில் கதவைச் சாத்துகிறாள் என்றுதான் பார்ப்பார்கள். செவந்தியைத் தவசிக்குப் பேசி முடித்ததும் அப்படித்தான். "கதவு சாத்துற சத்தம் கேட்டுது, கை அசைஞ்சது தெரியல" என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போனார்கள்.

ஊற்றைத் திறக்கச் சொல்லும் கலயத்தைச் செவந்திதான் கவிழ்ப்பாள். தவசி உள்ளே சொட்டு நிரப்பிக் கலயங்களை அடுக்கி வைப்பான். பக்கத்து வீட்டில் தவசியின் அண்ணன் மனைவி பவளாயி. அவளும் சொட்டுக்காரிதான், ஆனால் அவள் சொட்டு வேறு. அது பாவை ஜன்னலை அகலத் திறக்கச் சொல்லும் சொட்டு.

பகல் வேலை முடிந்து மயிலை மரத்தடியில் படுத்து அசைபோடத் தொடங்கினால் ஊரே அமைதியாகிவிடும். மயிலை அன்று பார்த்ததையெல்லாம் சொல்லும். கண்ணூராருக்கு ஆளுக்கு ஒரே காது, சங்கு மாதிரிப் பெரியது. அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்பார்கள். செவந்திக்கு மட்டும் பொறுமை இருக்காது.

"அப்புறம் அந்தக் கொக்கு என்ன செஞ்சுது?"

"அவசரப்படாதே பெண்ணே. ஒரு வாய் மென்னுக்கறேன்."

"நீ மென்னு முடிக்கறதுக்குள்ள கொக்கு பறந்திடும்."

மயிலை சிரித்தால் ஊர் முழுக்க ஒரு குலுங்கு குலுங்கும். அடுக்கிய கலயங்கள் சரியாமல் தவசி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வான். எத்தனையோ சாயங்காலங்கள் அப்படிக் கழிந்தன.

ஒரு பங்குனி மாதம் மயிலை தலைச்சன் கன்றுக்குச் சினையாக நின்றது. நாள் நெருங்க நெருங்க அதற்கு வேறு பேச்சே இல்லை.

"செவந்தி, என் கன்னுக்குட்டி பூமியில விழுந்ததும் நான் அதைப் பார்க்கணும். ஒரு மயிர்கூட மங்கலாத் தெரியக் கூடாது."

"அதுக்கு நானாச்சு," என்றாள் செவந்தி. "பளிங்கு மாதிரித் தெரியும், நீ பார்த்துக்கிட்டே இரு."

வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் விடிந்ததும் ஒரு கலயம் கவிழ்த்தாள், கதவைச் சாத்தினாள். வழக்கமாக அதோடு உள்ளே போய்விடுவாள். அன்று கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஏங்க, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?"

"ஊத்தினவளுக்கு எதுக்கு அந்தக் கேள்வி?" என்றான் தவசி.

"சேரலைன்னா?"

"சேரலைன்னா இன்னொண்ணு ஊத்து. கலயத்துக்கா பஞ்சம்?"

அவள் இன்னொன்றை ஊற்றினாள். மத்தியானம் மூன்று, சாயங்காலம் நான்கு. அக்கரையில் ஊற்றுக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சொட்டு வந்து படியைத் தொட்டால் அவர்கள் ஊற்றைத் திறந்தே ஆக வேண்டும். நீர் பெருகியது. அந்தச் சின்ன மதகு எவ்வளவைத்தான் வெளியேற்றும்?

மூன்றாம் நாள் மயிலை சொன்னது: "சூரியனைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. கண்ணு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வேலி எங்கே இருக்குன்னே புரியலை."

செவந்தி பதறிப் போனாள். நீர் போதவில்லை போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். வேறென்ன நினைக்க முடியும்? அன்றைக்கு அவள் கவிழ்த்த கலயங்களை அடுக்கித் தர முடியாமல் தவசிக்கு முதுகு விட்டுப்போயிற்று.

நாலாம் நாள் காலையில் மயிலை கன்று ஈன்றது.

ஊரார் எல்லோரும் பின்சுவர் முன்னால் கூடியிருந்தார்கள். சுவரில் படம் விழவில்லை. பால் கொட்டியது போல ஒரே வெண்மை. அதற்குள் ஏதோ ஒரு நிழல் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"நக்கிப் பார்த்துட்டேன். மணம் தெரிஞ்சிடுச்சு," என்றது மயிலை. "என்ன நிறம்னு யாராவது சொல்லுங்களேன்."

ஊரார் சுவரை உற்று உற்றுப் பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் எங்கே தெரிந்தது?

செவந்தி விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாய்க்கால் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். அந்த ஊரில் ஒரு சொட்டுக்காரி ஊற்றியதைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாய்க்கால் வாசற்படி வரை தளும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் சொட்டுகள். நேற்றைய சொட்டுகள், முந்தாநாள் சொட்டுகள், போக இடமில்லாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்ற சொட்டுகள். அத்தனையும் அவள் கவிழ்த்தவை.

"ஐயோ, எல்லாம் என் கை!" என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "ஏன்டி, கொடுத்ததை எட்டிப் பார்க்கிறியா? ஊர் சிரிக்கும்டி!" என்றது பவளாயியின் குரல்.

"சிரிக்கட்டும்க்கா. அவளுக்குக் கன்னு தெரியலையே."

செவந்தி கலயத்தைத் தொடுவதையே நிறுத்தினாள். ஒரு பகல், ஒரு இரவு. வாய்க்கால் வடிந்தது, மதகு வழியே நீரும் வடிந்தது. மறுநாள் காலை பின்சுவரில் படம் விழத்தான் செய்தது. ஆனால் ஊற்று அடைத்தே கிடந்ததால் கண் இலந்தைப் பழம் வற்றினாற்போல் சுருங்கியிருந்தது. படம் கோணிக்கொண்டு விழுந்தது. கன்றுக்கு ஆறு கால் இருப்பது போலவும் தலையே இல்லாதது போலவும் தெரிந்தது.

"என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று மயிலை அலறியது.

"ஒண்ணும் ஆகலை. கண்ணுலதான் கோளாறு," என்று செவந்தி ஓடி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஊற்றினால் தளும்புகிறது, நிறுத்தினால் வற்றுகிறது. அளவாக ஊற்ற வேண்டுமென்றால் வாய்க்காலில் எவ்வளவு கிடக்கிறது என்று நொடிக்கு நொடி தெரிய வேண்டும். வாசலில் நின்று பார்க்கலாம். ஆனால் கலயங்களை உள்ளே இருந்துதான் கதவு வழியே கவிழ்க்க முடியும்.

"நீ உள்ளே வந்தா வெளியே யாரு பார்க்கறது? நீ வெளியே நின்னா உள்ளே யாரு கவுக்கறது?" என்றான் தவசி. "நான் வந்து நிக்கட்டுமா?"

"நீங்க நின்னா கலயத்துக்குச் சொட்டு யாரு நிரப்பறது?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு பழைய சொட்டு மிதந்து வந்து நிலைப்படியில் மோதியது. ணிங் என்று மெல்லிய ஓசை. இன்னொன்று மோதியது. மறுபடியும் ணிங். இத்தனை நாளும் கதவைச் சாத்திச் சாத்தி, தன் சொட்டுக்கு ஓர் ஓசை உண்டு என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

செவந்தி கையை உயர்த்தித் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் உறுப்புகள் இப்போதுபோல் இறுகிப் போயிருக்கவில்லை. வேண்டுமென்றால் கழற்றலாம். ஆனால் கழற்றியதை ஓர் இடத்தில் ஒட்டினால் ஒட்டினதுதான், திரும்ப வராது.

தவசிக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் செவந்தி. வாசல்ல வச்சிட்டா உன் சொட்டு மட்டும்தான் உனக்குக் கேக்கும். நான் பேசறது கேக்காது. மயிலை பேசறது கேக்காது."

"அவ சாயங்காலம் சொல்ற கதையெல்லாம்..." என்று தொடங்கினாள் செவந்தி. முடிக்கவில்லை.

பிறகு, "கடைசியா ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

தவசி அடுக்கி வைத்த கலயங்களைப் பார்த்தான். "கலயம் நிரப்பி வச்சிருக்கேன்," என்றான்.

"இந்த நேரத்துல சொல்ற பேச்சா இது!" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காதைக் கழற்றி, கதவுக்கு வெளியே, வாய்க்காலைப் பார்த்தாற்போல் ஒட்டினாள்.

உலகம் அடங்கிவிட்டது. தவசியின் உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. அவள் உள்ளே போய் ஒரு கலயத்தைக் கவிழ்த்தாள். வாசலில் ணிங் என்றது. அது தெளிவாகக் கேட்டது. மறுகலயத்தைச் சரித்தாள். ணிங், ணிங், ணிங். ஓசை நெருங்கி அடர்ந்ததும் அவள் கை தானாகவே நின்றது. சொட்டுகள் அக்கரை போய்ச் சேரச் சேர ஓசை மெலிந்தது. கை மறுபடி கலயத்தைத் தேடிப் போனது. யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவில்லை.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் கண் மறுபடி உருண்டையாயிற்று.

தவசி அவள் கையைப் பிடித்துப் பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அங்கே படம் விழுந்திருந்தது. கால்கள் மேலே, முதுகு கீழே, செக்கச் செவேலென்று ஒரு கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மூக்கு நுனியில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துணுக்குகூடத் தெரிந்தது. ஒரு மயிர் மங்கல் இல்லை.

மயிலை ஏதோ சொன்னது. அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஊரார் அத்தனை பேரும் சட்டென்று செவந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். பவளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா?" என்றாள் செவந்தி.

கன்றுக்குச் செவந்தி என்று பெயர் வைத்திருந்தது மயிலை. தவசி சுவரில் இருந்த கன்றைக் காட்டினான், பிறகு அவளைக் காட்டினான். மறுபடி கன்றை, மறுபடி அவளை.

"என்னை மாதிரி இருக்குதா?" என்று கேட்டாள் செவந்தி. "போங்க, எனக்கு ஏது வாலு!"

அவன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். கையால் எழுதிக் காட்ட அந்த ஊரில் எழுத்து இல்லை. கடைசியில் அவள் தோளில் தட்டிக்கொடுத்தான். ஊற்றினதையே திரும்பிப் பார்க்காத அந்தப் பழைய ஊரில் அவளுக்கு வந்த நன்றி, அவளிடம் போய்ச் சேராமலே நின்றுவிட்டது. அவளோ கன்றைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே பவளாயி தன் காதையும் கழற்றினாள். தன் வாசலில் ஒட்டும்போது அதைக் கொஞ்சம் செவந்தி வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "உன் சொட்டு என் வாசலுக்கும் வருதேடி. உன் அளவு தெரிஞ்சாத்தான் என் அளவு எனக்குப் பிடிபடும்," என்றாள், செவந்திக்குக் கேட்காது என்பதை மறந்து. பிறகு தெருத் தெருவாக எல்லோரும் அப்படியே செய்தார்கள். கதவு சாத்துகிற சத்தம் அந்த ஊரில் ஓய்ந்துபோயிற்று. அசைபோடும் வேளையில் மயிலை சொன்னதைக் கேட்க வரவர ஆளில்லை. கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு அதுவும் கன்றை நக்கிக்கொடுப்பதோடு இருந்துவிட்டது.

செவந்தியின் சொட்டுக்கு இன்று படித்தவர்கள் செரோட்டோனின் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று முதல்தான், கண்ணுக்குள் அந்தச் சொட்டை விடுகிற நரம்பின் நுனியிலேயே அதை உணர்கிற ஒரு காதும் இருக்கிறது. சொட்டு வந்து அதைத் தொட்டதும், கொடுக்கிற கை தானே அளவறிந்து நிற்கிறது.