மனுவின் மேல் எழுந்தருளியவர்

ஒரு தாலுகா ஆபீஸ் மேசையில் ஒரு பேப்பர்வெயிட் இருந்தார். ‘இருந்தது’ என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கண்ணாடி உடம்பு, வயிற்றுக்குள்ளே நாலு வண்ணப் பூ. தாம்தான் அரசாங்கம் என்பது அவருடைய திடமான எண்ணம்.

“மந்திரி மாறலாம், தாசில்தார் மாறலாம். காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற நான் மாறுவதில்லை” என்று மேசை விசிறியிடம் அடிக்கடி சொல்வார். விசிறி தலையை ஆட்டும். அது எல்லாருக்கும் ஆட்டும்.

ஒரு திங்கட்கிழமை மாராத்தாள் வந்தாள். அரை ஏக்கரில் வெண்டைக்காய் போடுகிறவள். கிளார்க் குணசீலனிடம் மனுவைக் கொடுத்தாள்.

“சாயப்பட்டறைக் கழிவு எங்க கெணத்துல எறங்குதுங். தண்ணி குடிச்ச ஆடு ரெண்டு செத்துப்போச்சு. இப்ப பட்டறைய இன்னும் பெருசாக்கப் போறாங்களாமா. நீங்கதானுங் தடுக்கோணும்.”

“வெச்சுட்டுப் போம்மா, பாக்கறோம்” என்றார் குணசீலன். மனு மேசைக்கு வந்தது. பேப்பர்வெயிட்டார் அதன் மேல் எழுந்தருளினார்.

“பயப்படாதே. பறந்துபோகாமல் காப்பாற்றுகிறேன்.”

“காப்பாத்தறது இருக்கட்டுமுங் ஐயா” என்றது மனு. “வெள்ளிக்கெழம மத்தியானம் பட்டறைக்கு அதிகாரி கையெழுத்துப் போடறாருங். அதுக்குள்ள நான் அவர் ரூமுக்குப் போயாகோணும். இல்லீன்னா அந்தக் கெணறு செத்துச்சுங்.”

“எல்லாம் முறைப்படி நகரும். நிர்வாகம் என்றால் உனக்கு என்ன தெரியும்?”

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சாயப்பட்டறையின் கோப்பு வந்தது. மேசையில் இறங்கவே இல்லை. குணசீலன் கையோடு அதிகாரி அறைக்குள் போய்விட்டது. பேப்பர்வெயிட்டாருக்கு மனசு கேட்கவில்லை.

“அது ஏன் என்னிடம் வரவில்லை?”

மனு கொஞ்சம் தயங்கியது. “கோவிச்சுக்காதீங் ஐயா. உங்க அடியில என்னமோ எழுதியிருக்குதுங். மூணு நாளா என்ற மூஞ்சிக்கு நேரா அதேதானுங்.”

“அரசு முத்திரையாக இருக்கும். படி, படி.”

“‘வண்ணமயில் சாயப்பட்டறையின் புத்தாண்டு அன்பளிப்பு.’”

விசிறிகூடத் தலையாட்ட மறந்தது.

தம்மோடு ஒரு ஸ்வீட் பெட்டியும் ஒரு டைரியும் வந்தது அவருக்கு இப்போது நினைவு வந்தது. ஸ்வீட் ஆபீஸ் வயிற்றுக்குப் போயிற்று, டைரி யார் வீட்டுக்கோ போயிற்று. மிஞ்சியது தாம். அதைத்தான் பதவியேற்பு என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது. “அரசாங்கமாம் அரசாங்கம்! இனாமாக வந்த கல்லுக்கு என்ன மிடுக்கு, என்ன தோரணை!”

“நான் நகர்ந்துகொள்கிறேன், நீ பறந்து போய்விடு” என்றார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். வியாழன் முழுக்கத் தள்ளினார். ஓர் அங்குலம் அசையவில்லை. தானாக எழுந்திருக்கும் பழக்கம் அந்த ஆபீசில் யாருக்குமே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாராத்தாள் வந்து நின்றாள். “என்ற மனு என்னாச்சுங்?”

“பத்திரமா இருக்குதும்மா. அங்க பாரு, மேல கல்லு வெச்சிருக்கேன்.”

மாராத்தாள் கையை நீட்டினாள். “ஏம்மா, அதையெல்லாம் தொடக்கூடாது” என்று குணசீலன் எழுவதற்குள் பேப்பர்வெயிட்டார் அவள் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தார். அடியில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஏனுங், அவிய குடுத்த கல்லயே எம்மனு மேல வெச்சீங்களா?”

குணசீலன் அவசரமாகக் கல்லை வாங்கக் கை நீட்டினார். மாராத்தாள் கல்லை அவர் கையில் வைத்தாள். மனுவை எடுத்துக்கொண்டு, அதிகாரி அறைக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

இத்தனை வருஷத்தில் அந்த மேசையிலிருந்து ஒரு மனு நகர்ந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பேப்பர்வெயிட்டார் செய்த ஒரே தொண்டு, ஒற்றைக் கையால் தூக்கிவிடுகிற அளவுக்கு லேசாக இருந்ததுதான்.