பதினாறாவது பெயர்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் செவக்காட்டில், அதுவும் ஹாக்கி விஷயத்தில், சத்தியமாக முடியாது. அந்த ஊரில் பிள்ளை நடக்கப் பழகுமுன் கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். டீ ஆற்றுகிறவரும் நிபுணர், மாவு அரைக்கிறவரும் நிபுணர். மைதானத்துக்குள் இறங்காதவர்தான் பெரிய நிபுணர்.

முந்தாநாள் செவக்காட்டுப் பெண் பொன்மாடத்தி இந்திய அணிக்காகக் கோல் அடித்தாள். ஊரே வெடி போட்டது. கொம்பையா டீக்கடை வாசலில் அவள் படத்தோடு பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ் எழுந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். சீனிராஜ் மட்டும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் பொன்மாடத்தி செவக்காடு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வந்தாள். விடுதியில் பதினாறு இடம். பதினாறாவது இடத்துக்கு மூன்று பிள்ளைகள் நின்றார்கள். தேர்வாளர் சீனிராஜ் அவளை விட்டுவிட்டு செண்பகவல்லி என்ற பிள்ளையை எடுத்தார். பொன்மாடத்தி அத்தை ஊருக்குப் போனாள், ஒரே வருஷத்தில் அரையடி வளர்ந்தாள், அங்கே ஆடி மேலே ஏறினாள். செண்பகவல்லிக்கு இரண்டாம் வருஷமே முட்டிச் சவ்வு கிழிந்தது. இப்போது கடலை மிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிறாள்.

சீனிராஜுக்கு வயது நாற்பத்தாறு. செண்பகவல்லி எதிரே வந்தால் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவார். முகத்தில் முழிக்கத் தெம்பில்லை, பாவம்.

இன்று மறுபடி தேர்வு நாள். காலையில் மைதானத்துக்கு வருகிற வழியிலேயே கொம்பையா பிடித்துக்கொண்டார்.

"சார்வாள், புதுக் கண்ணாடி போட்டுட்டீங்களா? பழசுல தங்கம் தெரியலையாமே!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சீனிராஜும் சிரித்து வைத்தார். வேறு என்ன செய்வார் மனுஷன்?

சாயங்காலம் நாலரை மணி. பிள்ளைகள் ஆடி முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. அஞ்சு மணிக்குப் பட்டியலைக் கையால், மையால் எழுதி வாசல் கதவில் ஒட்டவேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. காலியாக விட்ட இடம் அந்த வருஷத்துக்குக் காலிதான், யாருக்கும் கிடையாது.

பதினைந்து பெயர் எழுதியாயிற்று. பதினாறாவதில் சீனிராஜ் நின்றுவிட்டார். இந்த வருஷம் பென்சில் கொண்டுவந்திருந்தார். முப்பத்தொன்றாம் நம்பர் பிள்ளை என்று எழுதினார், அழித்தார். ஒன்பதாம் நம்பர் என்று எழுதினார், அழித்தார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.

பட்டியலும் கையுமாக எழுந்து கோல் கம்பத்துப் பக்கம் போனார். அங்கே பாக்கியமேரி டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சீனிராஜுக்கு முன்னால் தலைமைத் தேர்வாளர் அவர்தான். மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர், ஆளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர். ஓய்வு பெற்ற பின்னும் தேர்வு நாளில் வராமல் இருக்கமாட்டார். மடியில் எப்போதும் போல ஒரு பழைய துணிப்பை.

சீனிராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"என்னது?"

"ராஜினாமா. என்னால முடியலை டீச்சர்."

டீச்சர் அதை வாங்கவில்லை. "இன்னைக்குப் பட்டியல்?"

"பதினஞ்சோட ஒட்டிட்டுப் போயிருதேன்."

"பதினாறாவது பிள்ளை எந்தக் காட்டுல போய் விளையாடும்?"

சீனிராஜ் புல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். அன்னைக்கு நான் எதைப் பாக்காம விட்டேன்?"

"யாருகிட்ட?"

"பொன்மாடத்திகிட்டதான். அவ கண்ணுல ஒரு நெருப்பு இருந்துச்சு டீச்சர். இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு. பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன். பாவி!"

அந்த நேரம் பார்த்து கொம்பையா டீத் தூக்கோடு வந்து சேர்ந்தார். "நெருப்பா? எரிமலைலா! நான் வேலிக்கு வெளிய நின்னே கண்டுபிடிச்சேன். என்னைய யாரு கேட்டா?"

டீச்சர் டீயை வாங்கிக்கொண்டார். "இப்ப கேக்கேன் கொம்பையா. உக்காரும்."

துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தேர்வாளர்கள் பார்த்ததை அன்றைக்கே, மைதானத்தை விட்டுப் போகுமுன் நோட்டில் குறித்துவிட வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். ஏழு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தை விரித்து, பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"அந்த மூணு பேரைப் பத்தி நான் எழுதினது. பேரைச் சொல்லமாட்டேன். ரெண்டு பேரும் ஒரு ஆளைச் சொல்லுங்க."

"வாசிங்க," என்றார் கொம்பையா, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து.

"முதல் பிள்ளை. நல்ல வேகம். மட்டை பிடி சரியில்லை. அடி பட்டதும் அழுதாள், பிறகு பந்துப் பக்கம் போகவில்லை."

"வேண்டாம்," என்றார் சீனிராஜ்.

"ரெண்டாவது. சளி. பந்து வலப் பக்கம் வந்தால் தடுமாற்றம். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு தடவை தன் கோலுக்கே அடித்தாள்."

கொம்பையா விழுந்து விழுந்து சிரித்தார். "இதெல்லாம் எவ டீச்சர்? கையில ஒரு மிட்டாயைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்க!"

"மூணாவது. பந்தை வாங்குமுன் தலையைத் தூக்கி யார் எங்கே என்று பார்க்கிறாள். கீழே விழுந்த எதிராளிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு ஓடினாள். முதல் அஞ்சு நிமிஷம் ஓடிய ஓட்டமே கடைசி அஞ்சு நிமிஷமும்."

கொம்பையா தொடையில் தட்டினார். "பொன்மாடத்தி! அவளேதான்! ஊரையே கூட்டி வந்து கேளுங்க, ஒருத்தன் மாத்திச் சொல்லமாட்டான்!"

சீனிராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதைத்தான் சொன்னேன் டீச்சர். அந்தத் தலை தூக்கிப் பாக்கறது... அதைத்தான் நான் பாத்தேன். இப்படி ஒருத்தியைப் போய் விட்டுட்டேனே. எனக்கு மன்னிப்பே கிடையாது."

டீச்சர் கையை எடுத்தார்.

மூன்றாவது குறிப்பின் தலைப்பில், கொஞ்சம் மங்கிய நீல மையில், செண்பகவல்லி என்றிருந்தது.

சளி பிடித்தவள் பொன்மாடத்தி.

கொம்பையா நோட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "அடுப்புல பால் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். டீ கொடுத்த டம்ளரைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சீனிராஜ் அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். நெருப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"முட்டி போகும்னு தெரிஞ்சிருக்கணும்," என்றார், விடாப்பிடியாக.

"அந்த முட்டிக்கே அன்னைக்குத் தெரியாது சீனி."

மரத்தடியில் பிள்ளைகள் ஒரு தண்ணீர்க் குடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"போன வாரம் செண்பகவல்லி வீட்டுக்கு வந்திருந்தா."

சீனிராஜ் தலை நிமிரவில்லை. "என்னைய ஏசுனாளா?"

"இல்லை. ஒண்ணு கேட்டா. 'சீனி சாரு என்னையப் பாத்தா ஏன் டீச்சர் சந்துக்குள்ள போறாரு? நான் அவருக்கு என்ன தப்புப் பண்ணேன்?'"

சீனிராஜ் ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாற்பத்தாறு வயது மனுஷன், பிள்ளைகள் பார்க்குமே என்றுகூட நினைக்கவில்லை. டீச்சர் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

விடுதியில் அஞ்சு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"ஒன்பதாம் நம்பரை ஏன் எழுதினே?" என்று கேட்டார் டீச்சர், பட்டியலில் அழித்த தடத்தைப் பார்த்து.

"பொன்மாடத்தி மாதிரியே இருக்கா டீச்சர்."

"எது? ஆட்டமா?"

சீனிராஜ் யோசித்தார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "மூக்கு. ஒழுகிட்டே இருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீனிராஜுக்கும் அழுகையோடு அழுகையாக வந்தது.

"இன்னைக்கு யாரு விளையாண்டா?"

"முப்பத்தொண்ணு." யோசிக்காமல் வந்தது பதில்.

"பேரு?"

"இசக்கியம்மாள். அவ அம்மா காலையில இருந்து கேட்டுக்கு வெளியவே நிக்காங்க."

சொல்லிவிட்டு சீனிராஜ் வாசல் பக்கம் பார்த்தார். ராஜினாமாக் கடிதத்தை நாலாய் மடித்துப் பைக்குள் திணித்தார். டீச்சரின் பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எழுதவில்லை.

"டீச்சர்."

"ம்."

"இந்தப் பிள்ளை முட்டியும் போகலாம்."

"போகலாம்."

"ஒன்பதாம் நம்பரு நாளைக்கு இந்தியாவுக்கு ஆடலாம்."

"ஆடட்டும். நீயும் வெடி போடு."

"ஊரு திரும்பவும் சிரிக்கும்."

"சிரிக்கும்."

"அப்ப எப்படித்தான் டீச்சர் இதை எழுதறது?"

பாக்கியமேரி டீச்சர் குனிந்து அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கிக் கொம்பையாவின் காலி டம்ளருக்குள் போட்டார். தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"மையில எழுது."