வைகுண்டத்தின் சொந்த வெயில்

நாலு நாள் அடைமழை விட்டு ஐந்தாம் நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமளா மொட்டைமாடிக்கு ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். இருக்கிற ரெண்டு காக்கி உடுப்பும் நனைந்து நாறிக்கொண்டிருந்தன. மத்தியானம் ரெண்டு மணிக்கு டூட்டி. நேற்று ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய் மனுஷனுக்குத் தொடையெல்லாம் புண்.

பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியதிலிருந்து அந்த மாடியில் ஒரே ஒரு பட்டையில்தான் வெயில் விழும். அங்கே இருந்த கொடிக்கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து, வெற்று உடம்போடு மல்லாந்து கிடந்தார் முதல் மாடி வைகுண்டம்.

"சார், கொடி கட்டணும். கொஞ்சம் எந்திரிங்க."

"கொடி கட்டினா நிழல் விழும்மா. எனக்கு வைட்டமின் டி சுத்தமா இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். வாரம் ஒரு பவுடர் பாக்கெட் பால்ல கலக்கிக் குடிங்க, வெயில்ல இருங்கன்னார். ஒரே ஒரு பாக்கெட்தான் குடிச்சேன். மறுபடி ரத்தம் எடுக்க வந்தவனுக்கு ரெண்டு ஊசி வளைஞ்சு போச்சு. மூணாவதுல ரத்தம் வந்துச்சு. அந்தச் சூட்டுல குழாயைப் பிடிச்சவன் கை கொப்புளிச்சுப் போச்சு!"

"அதுலயே ஒரு காபி போட்டிருக்கலாமே சார்," என்றார், ஈரத் தலையணை உறைகளோடு ஏறி வந்த கீழ்வீட்டு இஸ்மாயில் பாய்.

கேட்க இன்னொரு ஆள் வந்ததும் வைகுண்டத்துக்குக் குஷி.

"என் எலும்பைப் பத்தித் தெரியுமா பாய்? போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. தரை பொத்துக்கிட்டு நேரா உங்க அடுப்படியில போய் நின்னேன்."

"என் வீட்டு மேல்தளத்துல ஒரு கீறல்கூட இல்லையே?"

"பின்ன? நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள நானே பூசி மூடிட்டேன்ல!"

வெயில் பட்டை சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. பரிமளாவுக்கு வாளி பிடித்த கை கடுத்தது.

"சார், நேரமாகுது."

"இரும்மா. அன்னைக்குக் கரண்ட் போச்சே, நான் சட்டையைக் கழட்டிட்டு உக்காந்தேன். என் உடம்பு வெளிச்சத்துல என் வீட்டம்மா அரிசியில கல் பொறுக்கினா. என்னைக் கடிச்ச கொசுவெல்லாம் மின்மினியாட்டம் பறக்குது!"

"அன்னைக்கு என்கிட்ட மெழுகுவத்தி வாங்கிட்டுப் போனது யாரு சார்?" என்றார் பாய்.

"அது விருந்தாளிக்கு. என் வெளிச்சம் அவங்களுக்குக் கண் கூசுது." வைகுண்டம் கொட்டாவி விட்டார். "அட, இன்னைக்கு வெயில் எப்படி வந்துச்சுங்கிறீங்க? விடியக்காலம் இங்க வந்து, உள்ள சேத்து வச்சிருந்ததை மேல பாத்து ஒரு ஊது ஊதினேன். மேகமெல்லாம் பஞ்சாப் பறந்துச்சு. இது சூரியன் இல்லைம்மா, என் சொந்த வெயில். என் வெயில்ல நான் படுக்கிறேன், யாருக்கு என்ன?"

பரிமளா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்படியா? தெரியாமப் போச்சே சார்! எந்திரிச்சு நில்லுங்க. கை ரெண்டையும் நீட்டுங்க."

மாலை கீலை போடப் போகிறாளோ என்று வைகுண்டம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வலது கையில் சொதசொதவென்று ஒரு காக்கி பேண்ட் விழுந்தது. இடது கையில் இன்னொன்று. தோளுக்கு ஒரு சட்டை. பாய் தன் பங்குக்குத் தலையில் ஒரு உறையை மாட்டினார்.

"என்னம்மா இது!"

"வெயில் உங்க உடம்புலயே இருக்கே சார். கயிறு எதுக்கு?"

தண்ணீர் தொப்பை வழியாக இறங்கி வேட்டிக்குள் போனது. பல் கிட்டியது.

"கு... குளிருதும்மா."

"சூரியனுக்குக் குளிருமா சார்?"

அடுத்த அஞ்சு நிமிஷத்தில் கொடிகளை அவரே கட்டினார். கடைசி முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, "பாத்தியாம்மா? யானையைக் கட்டினாலும் அவிழாது," என்றார்.

"யானையை இன்னைக்குத் துவைக்கலை சார். அந்த பேண்ட்டை எடுங்க," என்றாள் பரிமளா.