பொன்னாடைக்குப் போட்ட நாற்காலி

பூக்காரி அஞ்சுகத்தின் அடுக்குமாடி வீட்டில் சீலிங் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிய, தொப்பை போட்டுத் தொங்கியது. பார்க்க வந்த வீட்டுவசதி வாரிய இன்ஜினியர் தணிகாசலம் வாசல்படியைத் தாண்டவில்லை.

“சீலிங் இத்துப்போச்சு சார், விழுந்துடும்.”

“இத்துப்போச்சா? படிக்காத பேச்சு பேசாதம்மா. இதுக்குப் பேரு டீட்டீரியரேஷன். துருவுக்குப் பேரு கரோஷன். எல்லாம் சாதாரண வேர் அண்ட் டேர், பழசானா வர்ற தேய்மானம். விழும்னு நிரூபி, ரிப்பேருக்கு எழுதறேன்.”

திமிரைப் பாருங்கள்! கம்பி பல்லிளிக்கிறது, இவர் அதற்கு இங்கிலீஷில் முலாம் பூசுகிறார்.

அஞ்சுகம் கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். “வீணா பயந்துட்டோம் சார். நாளைக்கு வாங்க, உங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும்.”

மறுநாள் மாப்பிள்ளை மாதிரி வந்தார். குடியிருப்பே கூடியிருந்தது. நாற்காலி மட்டும் வீட்டுக்குள்ளே, அந்தத் தொப்பைக்கு நேர் கீழே.

“உக்காருங்க சார்.”

இன்ஜினியர் மேலே பார்த்தார். வாசல்படியிலேயே நின்றுகொண்டார். “இங்கேயே போர்த்திடும்மா.”

“ஏன் சார், வெறும் டீட்டீரியரேஷன்தானே?”

“என் தலையில விழுந்துட்டா?” என்று கத்தியேவிட்டார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அஞ்சுகம் சிரிக்கவில்லை.

“நிரூபிச்சிட்டீங்க சார், எழுதுங்க. அந்த நாற்காலி இருக்கிற இடத்துலதான் என் மக தினமும் பாய் விரிச்சுப் படுக்கிறா.”