கிடங்கு வாசலுக்கு வந்த அரசாணை

"போதைக்காரிக்கு அண்ணனா? இன்னொரு தரம் சொல்லுங்க தாண்டவராயரே, மகாராஜா காதுலயும் நல்லா விழட்டும். திருடனா? நான் பூட்டை உடைச்சேனா, சுவரேறிக் குதிச்சேனா? உங்க ஆளு கதவத் தொறந்து விட்டாரு. உங்க ஆளே எடை போட்டுக் குடுத்தாரு. இதுக்குப் பேரு திருட்டுன்னா, சந்தையில கத்திரிக்கா வாங்குற அத்தன பேரையும் புடிச்சு உள்ள போடுங்க."

அல்லியூர் அரண்மனைச் சபையில இப்படிக் கத்திக்கிட்டிருந்தவன் வெண்காடன். அரசவை விகடகவி. சிரிக்க வைக்கறதுதான் உத்தியோகம். ஆனா அன்னிக்கு அவன் மூஞ்சியில சிரிப்பு மருந்துக்குக்கூட இல்ல. ஏன்னா சண்டையே மருந்துக்காகத்தான்.

எதிர்ல நின்னவரு மருந்துக் கிடங்கு அதிகாரி தாண்டவராயர். சிம்மாசனப் படியில அரக்கு வெச்ச சின்னப் பொட்டலம் ஒண்ணு. உள்ள கஞ்சா லேகியம். அது வெண்காடன் வீட்டுக்குப் போகுமா, கிடங்குக்கே திரும்புமா? அதான் வழக்கு.

வீட்டுல அவன் தங்கச்சி நாச்சியா படுத்துக் கெடந்தா. வயித்துல கட்டி. கட்டியக் கரைக்கக் குடுத்த கஷாயம் அவளப் பொரட்டி எடுத்துச்சு. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா மூணு வாயா வெளிய வரும். எலும்பும் தோலுமா ஆயிட்டா. கடைசியில வைத்தியர் சொன்னாரு: "கஞ்சா லேகியம் குடுத்துப் பாப்போம்ப்பா. கட்டியெல்லாம் இதுல கரையாது, அந்த ஆசை வேணாம். கொமட்டல அடக்கும், அவ்வளவுதான். நான் சொல்ற அளவுக்கு மேல ஒரு விரல் தொடக்கூடாது. தல சுத்துனா உடனே ஆள் அனுப்பு." சீட்டும் எழுதிக் குடுத்தாரு.

சட்டம் இல்லாம இல்ல. வைத்தியர் சீட்டு காட்டுன நோயாளிக்குக் கிடங்குல மருந்து குடுக்கணும்னு மகாராஜாவே முரசு அடிச்சுச் சொன்னதுதான். முரசு சத்தம் கிடங்கு வரைக்கும் போகலையோ என்னவோ. தாண்டவராயர் சொந்தமா ஒரு விதி போட்டு வெச்சிருந்தாரு. சீட்டு பத்தாது, அரசாணையும் வேணும். அரசாணைக்கு மனு போடணும்னா? கிடங்கு முத்திரை வேணும். முத்திரை வேணும்னா? அரசாணை வேணும். அதுக்கும் மேல, வர்றவங்க கண்ண இழுத்துப் பாப்பாரு. சிவப்பா இருந்தா போதைன்னுவாரு. அழுதழுது சிவந்த கண்ணும் அவருக்கு அதே கணக்குதான்.

வெண்காடன் ராஜாகிட்டப் போனான். ராஜா வெத்தல மென்னுக்கிட்டே, "நான் சொல்லி வாங்கிக் குடுத்தா அது சலுகைடா. ஊரு பேசும். நீதான் பெரிய கெட்டிக்காரனாச்சே, விதிப்படியே வாங்கிக் காட்டேன்"னாரு.

"சரிங்க மகாராஜா"ன்னு நேரா கிடங்குக்கு வந்தான். வாசல்ல காவக்காரன் சுடலை.

"சுடலையண்ணே, இங்க விதி என்ன?"

"சீட்டு வேணும். அப்புறம் அரசானை வாசலுக்கு வரணும். வந்தாத்தான் கதவு."

"என்ன வரணும்?"

"காது அடைச்சுப் போச்சா? அரசானை தம்பி, அரசானை."

சுடலை நாக்குக்கு ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் ஒண்ணுதான். வெண்காடன் கைகூப்பிக் கும்புட்டுட்டுப் போனான்.

மறுநா காலையில வாசல மறைச்சுக்கிட்டு பட்டத்து யானை முத்தழகி நின்னுச்சு. பக்கத்துல பாகனும் வெண்காடனும்.

சுடலை ரெண்டடி பின்னால போனான். "இத எதுக்குய்யா ஓட்டியாந்த?"

"நீங்க கேட்டதுதாண்ணே. இது யாரோட ஆனை?"

"அரசரோடது."

"அப்ப அரசானைதானே? எங்க நிக்குது?"

"வாசல்ல."

"சீட்டு இந்தா. இன்னும் என்ன பாக்கி?"

சுடலை தலையச் சொறிஞ்சான். தும்பிக்கையப் பாத்தான். கதவத் தொறந்துட்டான்.

உள்ள எடை போடறவரு வைத்தியர் சீட்டப் பாத்தாரு, அளவு நிறுத்தாரு, அரக்கு வெச்சுக் குடுத்தாரு. யானை கிடங்குக்கு வந்தா வயித்து உபாதைன்னு எடுத்துக்கறது அங்க வழக்கம். அதனால அதுக்கும் தேங்கா பெருசுக்கு ஒரு கஞ்சா உருண்டைய உருட்டி வாயில போட்டாரு. வெண்காடன் தெருமுனை தாண்டறதுக்குள்ள தாண்டவராயர் ஆளுங்க மடக்கிட்டாங்க. பொட்டலம் சபைக்கு வந்துருச்சு.

எல்லாத்தையும் கேட்டுட்டு ராஜா புருவத்தத் தூக்குனாரு. "ஏண்டா, மூணு சுழி ஆணை கேட்டா ரெண்டு சுழி ஆனையவா ஓட்டிட்டுப் போவ?"

"மூணு சுழி ஒருத்தரு பெட்டியில பூட்டிக் கெடக்கு மகாராஜா. ரெண்டு சுழி கொட்டடியில சும்மா நின்னுச்சு. ஒரு சுழி கொறைஞ்சா என்ன, எடையில ஈடு கட்டிட்டேனே."

ராஜா சிரிச்ச சிரிப்புல வெத்தலச் சாறு அவரோட பட்டு அங்கவஸ்திரத்துல தெறிச்சுச்சு. அவரே எறங்கி வந்து பொட்டலத்த எடுத்து வெண்காடன் கையில வெச்சாரு. "இனிமே வைத்தியர் சீட்டு போதும். மத்த விதியெல்லாம் இன்னியோட ரத்து. இந்தா, முத்து மாலை."

வெண்காடன் பொட்டலத்த, சீட்டுக்குச் சாட்சி சொல்ல சபைக்கு வந்திருந்த வைத்தியர்கிட்டக் குடுத்தான். "நீங்க முன்னாடி போங்கய்யா, தங்கச்சிக்குக் குடுங்க. நான் பின்னாடி வரேன்." மாலைய வாங்கல. தாண்டவராயர் பக்கம் திரும்புனான்.

"முத்தழகிகிட்ட யாரும் சீட்டு கேக்கல. கண்ண இழுத்துப் பாக்கல. போதைக்காரின்னும் சொல்லல. ஆனை சும்மா வந்து நின்னதுக்கே நோவுன்னு நம்பிட்டீங்க. சீட்டோட வந்த சனத்த மட்டும் வெரட்டுனீங்க. கஞ்சி தங்காமயே செத்தவங்க வீட்டு ஆளுங்கல்லாம் வெளிய நிக்கறாங்க. மனுசனுக்கு நோவுன்னா ஏன் நம்பல தாண்டவராயரே? எங்கிட்டத் தனியாச் சொல்ல வேணாம். சபைக் கதவத் தொறந்து வெச்சு, அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க."