பாசிக்குப் பத்து நாள்

"நான் கிளம்புகிறேன் அம்மா," என்றார் சடையப்பன்.

நாச்சியார் வயல்நீரில் மிதந்த அசோலா என்ற குட்டிப் பெரணிச் செடிகளை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்கே?"

"விழுப்புரத்தில் தங்கை மகன் இருக்கிறான்."

"இங்கே என்ன குறை?"

"குறை என்னிடம்தான். முழங்கால் போய்விட்டது. நாற்று நட முடியவில்லை. பாடம் சொல்கிறீர்கள், பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கமாக இருக்கிறது."

சடையப்பனுக்கு அறுபத்தெட்டு. அவருடைய குரு நாச்சியாருக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த நாச்சியார் அதை விட்டு இந்த வயலோரம் குடிசை போட்டபோது முதலில் வந்த சீடர் சடையப்பன். பிறகு சிலர் வந்தார்கள், போனார்கள்.

நாச்சியார் அவரை உள்ளே அழைத்துப் போய், பழைய நுண்ணோக்கியில் ஒரு அசோலா இலையை வைத்தார்.

"பாருங்கள் ஐயா."

இலைக்குள் ஒரு சின்ன அறை. அதற்குள் நீலப்பச்சை மணிகளைக் கோத்ததுபோல் இழைகள்.

"என்னம்மா இது?"

"பாசி. அசோலா இதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. இது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து அசோலாவுக்குக் கொடுக்கிறது."

"பார்த்தீர்களா! இத்தனூண்டு பாசிகூடக் கொடுக்கிறது. நான்?"

நாச்சியார் இலைகளை நசுக்கி, இழைகளை மட்டும் பிரித்து, கண்ணாடிக் கிண்ணத்து நீரில் விட்டார்.

"இது தனியாகப் பிழைக்கிறதா என்று பத்து நாள் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு போகலாம்."

சடையப்பன் பார்த்துக்கொண்டார். வெயில் ஏறினால் கிண்ணத்தை நிழலுக்கு நகர்த்தினார். நீர் மாற்றினார். "பிழைச்சுக்கோடா," என்று அதனோடு பேசவும் பேசினார்.

தினமும் காலையில் நாச்சியார் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்காருவார். கிண்ணத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அப்புறம் சடையப்பனைப் பேசவிட்டு, கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

பத்தாம் நாள் இழைகள் வெளுத்துக் கிடந்தன.

"செத்துப்போச்சு அம்மா." அவர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை."

"யார் பார்த்தாலும் பிழைக்காது ஐயா. அசோலாவை விட்டு அது தனியே வாழாது."

"முன்னமே தெரியுமா?"

"தெரியும். ஒன்பது வருஷம் இதைத்தானே நடத்தினேன்."

"பிறகு எதற்கு என்னைப் பத்து நாள் உட்கார வைத்தீர்கள்?"

நாச்சியார் குனிந்து காலி டம்ளர்களை எடுத்தார்.

"இருபது நாள் என்று சொல்லியிருக்கலாம்," என்றார். "அந்த நேரத்தில் தோன்றவில்லை."